மேரி கியூரியின் வீட்டுக் கணக்கு

ரேடியத்தைக் கண்டவர், இருமுறை நோபல் பரிசு பெற்றவர், பாரிஸ் சொர்போன் பல்கலைக் கழகத்தின் முதல் பெண் பேராசிரியர் என்றெல்லாம் மேரி கியூரியைப் பற்றி நாம் பள்ளிப் பருவம் முதலே படித்து வருகிறோம். பாட நூல்களில் காணும் அவரது படத்தில் கறுப்பு உடையும், களைத்த முகமும், அருகே கண்ணாடிக் குடுவைகளும் இருக்கும். அந்தப் படத்தை மட்டும் பார்ப்பவர்களுக்கு, அவர் வீடு வாசல் என்ற நினைவே இல்லாதவர், உண்பதும் உறங்குவதும் ஆய்வுக்கூடத்திலேயே என்றுதான் தோன்றும்.

ஆனால் அவர் எழுதியவை ஆய்வுக் குறிப்புகள் மட்டுமல்ல. திருமணமான நாளிலிருந்து வீட்டு வரவு செலவுக் கணக்கும் எழுதி வந்தார். ஆய்வுக் குறிப்புகளைப் பற்றி நம் ஆசிரியர்கள் வகுப்பில் சொல்லியிருக்கிறார்கள். வீட்டுக் கணக்கைப் பற்றிச் சில சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். ஒவ்வொரு காசையும் எண்ணி எழுதிய அந்தக் கை, பெருஞ்செல்வம் ஒன்று வாசலுக்கு வந்தபோது வேண்டாம் என்று எழுதி அனுப்பியது. இவை இரண்டும் ஒன்றுக்கொன்று முரணானவை போலத் தோன்றும். முரண் இல்லை என்பதை அவர் வாழ்க்கையே காட்டுகிறது.

பிறந்த வீடு

மரியா ஸ்க்லொடோவ்ஸ்கா 1867ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் வார்சா நகரில் ஐந்தாவது குழந்தையாக, வீட்டின் கடைக்குட்டியாகப் பிறந்தாள். வார்சா அப்போது ருஷ்யப் பேரரசின் ஆட்சியில் இருந்தது. தந்தை கணிதமும் இயற்பியலும் கற்பித்த ஆசிரியர். தாய் ஒரு பெண்கள் பள்ளியின் தலைமை ஆசிரியையாக இருந்தவர். கல்விக்குக் குறைவில்லாத வீடு. காசுக்குக் குறைவுள்ள வீடு.

ஐந்து குழந்தைகளுக்கும் காலணி வாங்கிக் கட்டுப்படியாகவில்லை. தாயார் தோல் தைக்கத் தாமே கற்றுக்கொண்டார். தலைமை ஆசிரியையாக இருந்த அந்த அம்மையார் மடியில் தோலும் ஊசியும் வைத்துக்கொண்டு குழந்தைகளுக்குக் காலணி தைத்தார். அவருக்குக் காசநோய் கண்டிருந்தது. தம் தட்டையும் கிண்ணத்தையும் தனியே வைத்துக்கொண்டார். குழந்தைகளை முத்தமிடுவதில்லை. அம்மா ஏன் தன்னை முத்தமிடுவதில்லை என்பது சிறுமி மரியாவுக்கு விளங்கவில்லை. மூத்த அக்கா நச்சுக் காய்ச்சலில் இறந்தாள். 1878ஆம் ஆண்டு, மரியாவுக்குப் பத்து வயதாக இருக்கும்போது தாயும் மறைந்தார்.

தந்தையின் பதவியும் இறங்கியது. சேமிப்பை உறவினர் ஒருவரின் தொழிலில் போட்டு இழந்தார். பிள்ளைகளின் படிப்புக்கு வைத்திருந்த பணம் போயிற்றே என்று அவர் கடைசிவரை வருந்தினார். வருமானத்துக்காக மாணவர்களை வீட்டிலேயே தங்கவைத்துச் சோறு போட்டுப் பாடம் சொல்லிக்கொடுத்தார். இடம் போதாததால் மரியா சாப்பாட்டு அறைச் சாய்மணையில் படுத்தாள். அந்த மாணவர்களின் காலைச் சிற்றுண்டிக்கு மேசை வேண்டும் என்பதால் ஆறு மணிக்கே எழுந்து படுக்கையைச் சுருட்டினாள்.

இப்படிப்பட்ட வீட்டிலும் மகிழ்ச்சி இருந்தது. தந்தையின் அறையில் ஒரு கண்ணாடி அலமாரி. அதில் கண்ணாடிக் குழாய்கள், சிறு தராசுகள், கனிமத் துண்டுகள், பொன்னிதழ் மின்காட்டி. அந்தப் பொருள்களின் பெயரைத் தந்தை சொல்லித் தந்ததும் மரியா அதைப் பாட்டுப்போல் சொல்லிக்கொண்டு திரிந்தாள். சனிக்கிழமை மாலைகளில் தந்தை பிள்ளைகளை உட்காரவைத்து இலக்கியம் படித்துக் காட்டுவார். காசு கொடுத்து வாங்க முடியாத இன்பங்களை அந்த வீடு காசில்லாமலே கொடுத்தது.

1883இல் பொற்பதக்கத்தோடு பள்ளிப் படிப்பு முடிந்தது. அடுத்த ஓராண்டு கிராமத்து உறவினர் வீடுகளில் கழிந்தது. பனியில் சறுக்கு வண்டிப் பயணம், வீடு வீடாக விருந்து, விடியும் வரை நடனம். ஒரே இரவில் புதுக் காலணியின் அடி தேய்ந்துபோகும் அளவுக்கு மரியா ஆடியதாக அவர் மகள் பிற்காலத்தில் எழுதினார். கறுப்பு உடைப் படத்தைப் பார்த்து, அவருக்குச் சிரிக்கவே தெரியாது என்று எண்ணுபவர்கள் அறிய வேண்டிய செய்தி இது.

அக்காவுக்காக எழுதிய கணக்கு

வார்சாப் பல்கலைக் கழகத்தில் அன்று பெண்களுக்கு இடமில்லை. பாரிசுக்குப் போக வேண்டும், அதற்குப் பணமில்லை. மரியா தன் அக்கா பிரோனியாவோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டாள். முதலில் அக்கா பாரிசில் மருத்துவம் படிப்பது. தங்கை வேலை செய்து பணம் அனுப்புவது. அக்கா படித்து முடித்ததும் தங்கையை அழைத்துக்கொள்வது.

1886ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் மரியா, வார்சாவிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் தொலைவில் ஒரு பண்ணை வீட்டில் குழந்தைகளுக்கு வீட்டு ஆசிரியையாகச் சேர்ந்தாள். ஆண்டுக்கு 500 ரூபிள் சம்பளம். அதில் கிட்டத்தட்டப் பாதி பாரிசுக்குப் போயிற்று. சுற்றிலும் சர்க்கரைக் கிழங்கு வயல்கள். ஓய்வு நேரத்தில் அவ்வூர் உழவர் வீட்டுக் குழந்தைகளைச் சேர்த்து அவர்கள் தாய்மொழியில் எழுதப் படிக்கக் கற்பித்தாள். ஆட்சியாளர்க்குத் தெரிந்தால் தண்டனை கிடைக்கக்கூடிய செயல் அது.

அந்த வீட்டு மூத்த மகன் மரியாவை விரும்பினான். மரியாவும் விரும்பினாள். வீட்டு ஆசிரியையை மருமகளாக ஏற்கப் பெற்றோர் இசையவில்லை. அவமானம் பொறுக்காமல் வெளியேறியிருக்கலாம். ஆனால் வெளியேறினால் அக்காவுக்குப் பணம் நின்றுவிடும். மரியா அந்த வீட்டிலேயே, அந்த முகங்களுக்கு நடுவிலேயே ஒப்புக்கொண்ட காலம் முழுவதும் இருந்தாள். அவர் எழுதிய கணக்குகளில் மிகக் கடினமானது இதுதான் எனலாம்.

மாடி அறை

1891ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில், இருபத்து நான்கு வயது நிறையும் தறுவாயில், மரியா பாரிஸ் வந்து சேர்ந்தார். மலிவான வகுப்பில் உட்கார இருக்கை இராது என்பதால் மடக்கு நாற்காலி, கம்பளி, வழிச்சோறு எல்லாம் கையோடு கொண்டுவந்தார். சொர்போனில் பெயர் பதிந்தபோது மரியா மேரி ஆனார்.

முதலில் அக்கா வீடு; பிறகு கல்லூரிக்கு அருகில் கூரையடியில் ஒரு சிறு அறை. மாதம் 100 பிராங்குக்குள் வாடகை, உணவு, உடை, நூல், கல்விக் கட்டணம் எல்லாம் அடங்க வேண்டும். நாளொன்றுக்கு மூன்று பிராங்குக்குச் சற்று அதிகம். நிலக்கரியைத் தாமே ஆறு மாடி சுமந்து ஏறினார். குளிர் இரவுகளில் கிண்ணத்து நீர் உறைந்தது. உள்ள துணிகளையெல்லாம் போர்வைமேல் குவித்துக்கொண்டு உறங்கினார். ரொட்டியும் வெண்ணெயும் தேநீருமே பல நாள் உணவு. ஒருமுறை மயங்கி விழுந்தார். மருத்துவரான அக்காள் கணவர் வந்து பார்த்து, வீட்டுக்கு அழைத்துச் சென்று இறைச்சியும் உருளைக்கிழங்கும் உண்ணவைத்தார். நோய் பசிதான்.

இந்தப் பட்டினியைப் போற்றிப் பேசுவது சிலருக்கு வழக்கம். பட்டினி போற்றத்தக்கது அன்று. அவர் உடலை அது கெடுத்தது. ஆனால் அந்த அறையில் இருந்த நாட்களைப் பற்றி மேரி பிற்காலத்தில் எழுதியபோது மகிழ்ச்சியோடுதான் எழுதினார். நாள் முழுவதும் தமக்கே சொந்தம் என்ற உணர்வு வாழ்வில் முதன்முறையாகக் கிடைத்த இடம் அது. 1893இல் இயற்பியல் தேர்வில் முதலிடம். 1894இல் கணிதத் தேர்வில் இரண்டாமிடம். இடையில் வார்சாவிலிருந்து 600 ரூபிள் உதவித்தொகை கிடைத்தது. பிற்காலத்தில் முதல் ஊதியம் கைக்கு வந்ததும் அதைச் சேர்த்துவைத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அப்படித் திருப்பிக் கொடுக்கும் வழக்கமே அங்கு இல்லை. இன்னொரு ஏழை மாணவிக்கு அந்தப் பணம் போய்ச் சேரட்டும் என்பது அவர் எண்ணம்.

இரண்டு நாற்காலி, இரண்டு சைக்கிள்

1894ஆம் ஆண்டு வசந்தத்தில் மேரி, பியரி கியூரியைச் சந்தித்தார். பியரி ஆய்வில் பெயர் பெற்றிருந்தும் சிறிய ஊதியத்தில் பணியாற்றியவர். 1895ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் நாள் பாரிசை அடுத்த ஸோ என்ற ஊரில் திருமணம் பதிவாயிற்று. மோதிரம் இல்லை, வெள்ளை உடை இல்லை, விருந்துக் கூட்டம் இல்லை. பிறகு ஆய்வுக்கூடத்துக்கும் போட்டுச் செல்லலாம் என்று கருநீல நிறத்தில் ஓர் உடை தைத்துக்கொண்டார் மணமகள். உறவினர் அன்பளிப்பாகத் தந்த பணத்தில் இரண்டு சைக்கிள்கள் வாங்கினார்கள்.

அந்தச் சைக்கிள்களே அவர்களது தேனிலவு. ரொட்டி, பாலாடைக்கட்டி, பழம் ஆகியவற்றைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகச் சென்றார்கள். மாலையில் கண்ணில் பட்ட விடுதியில் தங்கினார்கள். காட்டு வழியில் சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டு நடந்தார்கள். பின்னர் பல ஆண்டுகள் கோடை விடுமுறை இப்படியே கழிந்தது. பூ வாங்குவதும் சைக்கிளில் சுற்றுவதுமே அவர்கள் தமக்கு அனுமதித்துக்கொண்ட ஆடம்பரங்கள்.

கிளாசியேர் தெருவில் மூன்று அறைகள் கொண்ட வீடு. பியரியின் பெற்றோர் தரவந்த மேசை நாற்காலிகளை மறுத்துவிட்டார்கள். பொருள் பெருகினால் துடைக்கும் வேலை பெருகும், அதற்கு நேரமில்லை. ஒரு மேசை, நூல் அடுக்கு, ஆளுக்கொரு நாற்காலி. விருந்தினர் யாரேனும் மாடியேறி வந்தால், மூன்றாவது நாற்காலி இல்லாததைக் கண்டு தாமே திரும்பிவிடுவார்கள்.

கறுப்பு நோட்டு

பியரிக்கு மாதம் 500 பிராங்க் சம்பளம். அதற்குள் குடும்பம் நடக்க வேண்டும். மேரி கறுப்பு அட்டை போட்ட நோட்டு ஒன்று வாங்கினார். அட்டையில் செலவுகள் என்று பொன்னெழுத்தில் பொறித்திருந்தது. அன்றாடச் செலவு அதில் ஏறியது. சைக்கிள் ஓட்டும்போது அணியும் கம்பளிக் காலுறைக்கும் அதில் இடமுண்டு.

சமையல் அவருக்குத் தெரியாது. மாமியார் முன் தலைகுனிய நேருமோ என்று அஞ்சித் திருமணத்துக்கு முன்பே அக்காளிடம் இரகசியமாகக் கற்றுக்கொண்டார். காலையில் அடுப்பில் பாத்திரத்தை ஏற்றி, எரிவாயுச் சுடரை ஆய்வுக்கூடத்து அளவுக் கணக்கோடு சிறிதாக்கிவிட்டு வேலைக்குப் போவார். திரும்பி வரும்போது உணவு பதமாக வெந்திருக்கும். பாத்திரம் துலக்க மட்டும் நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் ஓர் அம்மா வந்துபோவார். கடைக்குப் போவதும் சமைப்பதும் தைப்பதும் மேரியே. அறிவியலில் சமமாக நின்ற அந்த இல்லறத்தில் அடுப்படி வேலை சமமாகப் பங்கிடப்படவில்லை என்பதையும் நாம் மறைக்க வேண்டியதில்லை. பியரியோ என்ன உண்டோம் என்பதையே மறந்துவிடுபவர்!

1898ஆம் ஆண்டுக் கோடையில் நெல்லிவகைப் பழம் ஒன்றிலிருந்து பழப்பாகு செய்ததைத் தம் சமையல் நூலின் ஓரத்தில் குறித்துவைத்தார். 8 பவுண்டு பழம், அதே எடை சர்க்கரை, 10 நிமிடம் கொதி, பிறகு வடிகட்டல். கிடைத்தது 14 சாடி. வேதியியல் செய்முறைக் குறிப்பை எழுதுவது போலவே எழுதினார். அதே கோடையில், ஜூலை மாதத்தில்தான், பொலோனியம் என்ற புதிய தனிமத்தை உலகுக்கு அறிவித்தார்கள்.

பல் முளைத்த கணக்கு

1897ஆம் ஆண்டு செப்டம்பர் 12ஆம் நாள் மூத்த மகள் ஐரீன் பிறந்தாள். குழந்தையை முதலில் கையில் ஏந்தியவர் மருத்துவரான பாட்டனார். அம்மாதத்திலேயே பாட்டியார் இறந்தார். அதன்பின் பாட்டனார் மகன் வீட்டோடு வந்து சேர்ந்தார். தாய் ஆய்வுக்கூடத்தில் இருந்த நேரமெல்லாம் பேத்திக்குத் தோழராகவும் ஆசிரியராகவும் இருந்தவர் அவரே. அவர் இல்லையேல் மேரியின் ஆய்வு இந்த அளவு நடந்திருக்குமா என்பது ஐயமே.

குழந்தைக்கென்று ஒரு நோட்டு. எடை, உணவு, தவழ்ந்த நாள், நடந்த நாள், முளைத்த பற்களின் எண்ணிக்கை. 1898 டிசம்பர் 26ஆம் நாள் ரேடியம் இருப்பதாக அறிவித்தார்கள். அடுத்த மாதத் தொடக்கத்தில் ஐரீனுக்குப் பதினைந்து பற்கள் என்று தாய் எழுதினார். இரண்டையும் எழுதியது ஒரே கை. இரண்டிலும் ஒரே கவனம்.

ரேடியத்தைப் பிரித்துக் காட்ட நான்கு ஆண்டுகள் ஆயின. மழை ஒழுகும் பழைய கொட்டகை. பொகீமியச் சுரங்கத்திலிருந்து வந்த கனிமக் கழிவு டன் கணக்கில். தம் உயரத்துக்குள்ள இரும்புக் கம்பியால் கொதிக்கும் கலவையை மேரி நாள் முழுவதும் கிளறினார். 1902இல் கிடைத்தது ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு ரேடியம் குளோரைடு. இடையே செலவு வரவை மிஞ்சியது. குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் தாதிக்கும் சம்பளம் தரவேண்டும். 1900 முதல் மேரி செவ்ரே நகரத்துப் பெண்கள் பயிற்சிக் கல்லூரியில் பாடம் நடத்தினார்.

சில இரவுகளில் குழந்தை உறங்கியபின் இருவரும் கொட்டகைக்கு நடந்தார்கள். விளக்கேற்றாமல் உள்ளே நின்றார்கள். மேசையிலும் அலமாரியிலும் இருந்த சிறு குப்பிகள் இருளில் மங்கலாக ஒளிர்ந்தன. தந்தையின் கண்ணாடி அலமாரி முன் நின்ற சிறுமியின் மகிழ்ச்சிதான் அது. அந்த ஒளி தங்கள் உடலைத் தின்றுகொண்டிருக்கிறது என்பதை அப்போது அவர்கள் அறியவில்லை.

கணக்கில் ஏறாத வரவு

ரேடியம் மருத்துவத்துக்குப் பயன்படும் என்று தெரிந்ததும் தொழில் நிறுவனங்கள் அதைத் தேடின. செய்முறை விவரம் கேட்டு அமெரிக்காவிலிருந்து பொறியியலாளர்கள் கடிதம் எழுதினார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பியரி அதை மேரியிடம் சொன்னார். ஒன்று, எல்லாவற்றையும் இலவசமாக எழுதி அனுப்பலாம். அல்லது காப்புரிமை பெற்று உலகெங்கும் பணம் பெறலாம். பணம் வந்தால் குழந்தைகளுக்கு வசதி, நல்ல ஆய்வுக்கூடம். சிறிது நேரம் எண்ணிப் பார்த்து மேரி மறுத்தார். அறிவியலின் இயல்புக்கு அது மாறானது என்றார். பியரியின் கருத்தும் அதுவே. விவரம் முழுவதும் இலவசமாகப் போயிற்று.

1903ஆம் ஆண்டு நோபல் பரிசில் அவர்கள் பங்கு 70,000 பிராங்க். அந்தத் தொகை எப்படிச் செலவாயிற்று? போலந்தில் அக்காளும் அவர் கணவரும் தொடங்கிய காசநோய் மருத்துவமனைக்கு உதவி; உறவினர்க்கும் ஏழை மாணவர்க்கும் அன்பளிப்பு. தமக்கென்று வீட்டில் ஒரு குளியலறையும் ஓர் அறைச் சுவருக்குப் புதுத் தாளும்! இன்னொரு செலவும் உண்டு. மேரிக்குச் சிறுவயதில் பிரெஞ்சு கற்பித்த ஆசிரியை ஒருவர் போலந்தில் வாழ்ந்துவந்தார். பிறந்த ஊராகிய தியெப்பை இறப்பதற்குள் ஒருமுறை பார்க்க வேண்டும் என்பது அவர் ஏக்கம். மேரி வழிச்செலவு முழுவதும் அனுப்பி அவரை வரவழைத்தார். அம்மூதாட்டி கண்ணீர் மல்கத் தம் ஊரைக் கண்டார். தம் குழந்தைப் பருவத்தை மறவாதவருக்கே பிறர் குழந்தைப் பருவத்துக்கும் கணக்கில் ஒரு வரி ஒதுக்கத் தோன்றும்.

தனியே எழுதிய கணக்கு

1904 டிசம்பரில் இளைய மகள் ஈவ் பிறந்தாள். 1906ஆம் ஆண்டு ஈஸ்டர் விடுமுறையில் குடும்பம் நாட்டுப்புறத்தில் தங்கியது. பண்ணையிலிருந்து பால் வாங்கி வந்தார்கள். ஐரீன் வண்ணத்துப்பூச்சி பிடித்தாள். பெற்றோர் புல்லில் படுத்து வெயில் காய்ந்தார்கள். சில நாட்களுக்குப்பின், ஏப்ரல் 19ஆம் நாள், மழையில் தெருவைக் கடந்த பியரி, பாரம் ஏற்றிய குதிரை வண்டியில் சிக்கி இறந்தார். இல்லறம் பதினோராண்டு நிறையவில்லை.

அரசு உதவி ஊதியம் தர முன்வந்தது. முப்பத்தெட்டு வயதான மேரி அதை ஏற்கவில்லை. தாம் உழைத்துத் தம் பிள்ளைகளைக் காப்பாற்ற முடியும் என்றார். நவம்பர் 5ஆம் நாள் சொர்போன் வகுப்பறை நிரம்பி வழிந்தது. கணவரைப் பற்றி உருக்கமாகப் பேசுவார் என்று காத்திருந்தார்கள். மேரி, பியரி நிறுத்திய இடத்திலிருந்து பாடத்தைத் தொடர்ந்தார்.

பிள்ளைகளுக்குச் சமைக்கவும், தைக்கவும், நீந்தவும், சைக்கிள் ஓட்டவும் கற்பித்தார். தோட்டத்தில் உடற்பயிற்சிக் கம்பம் நட்டார். 1911இல் கிடைத்த இரண்டாவது நோபல் பணத்தைப் போர்க்காலத்தில் அரசுக் கடன் பத்திரத்தில் போட்டார், அது மதிப்பிழந்தது. தந்தை சேமிப்பை இழந்த கதை மகள் வாழ்விலும் நிகழ்ந்தது. ஆனால் இம்முறை தெரிந்தே, நாட்டுக்காக.

1921இல் நிலைமை எப்படி இருந்தது? ரேடியத்தைக் கண்டவரிடம் ஆய்வுக்கு வேண்டிய அளவு ரேடியம் இல்லை. ஒரு கிராம் விலை ஓர் இலட்சம் டாலர். அமெரிக்கப் பெண்கள் நிதி திரட்டி வாங்கினார்கள். குடியரசுத் தலைவர் ஹார்டிங் மே 20ஆம் நாள் வழங்கினார். விழாவுக்கு முன்னாள் இரவு மேரி கொடைப் பத்திரத்தைத் திருத்தச் சொன்னார். தம் பெயரில் இருந்தால் தமக்குப்பின் அது மகள்களின் சொத்தாகிவிடும். ஆய்வுக்கூடத்துக்கே உரியது என்று எழுதினால்தான் பெறுவேன் என்றார்.

காப்புரிமை பெற்றிருந்தால் இப்படிக் கையேந்த நேர்ந்திராது என்று நண்பர்கள் சொன்னதில் நியாயம் இருப்பதை மேரியே ஒப்புக்கொண்டிருக்கிறார். ஆயினும் தாங்கள் செய்தது சரி என்ற எண்ணம் அவருக்கு மாறவில்லை. 1934ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் நாள், கதிரியக்கத்தால் குருதி கெட்டு அவர் இறந்தார். அவரது ஆய்வு நோட்டுகளில் கதிரியக்கம் இன்னும் ஓயவில்லை. ஈயப் பெட்டிகளில் வைத்துக் காக்கிறார்கள்.

நண்பர்களே, கணக்கு எழுதுபவரைக் கஞ்சர் என்று எளிதில் சொல்லிவிடுகிறோம். மளிகைக் கடைப் பற்றும் பால் கணக்கும் எழுதிவைத்து நம்மைக் கல்லூரிக்கு அனுப்பியிருக்கும் தாய்மார்கள் நம்மில் பலர் வீட்டில் உண்டு. மேரியின் கணக்கும் அத்தகையதே. பணம் அவரை ஆளக்கூடாது என்பதற்காகவே அவர் பணத்தை எண்ணினார். எவ்வளவு போதும் என்று ஒவ்வொரு நாளும் எழுதிப் பார்த்தவருக்கு, அதற்கு மேல் வருவது எவ்வளவு பெரிதானாலும் மறுக்கும் துணிவு இருந்தது. இந்த மாத இறுதியில் விடுதிக் கட்டணத்துக்கும் தேநீர்க் கடைக்கும் நாம் கணக்குப் பார்க்கும்போது, இரண்டு நாற்காலியும் இரண்டு சைக்கிளும் இருந்த அந்த வீடு நம் நினைவுக்கு வரட்டும்.